அவாஸ் அக்கா பறந்த கதை

பினாங்குத் தீவில் இதுவரை பயந்த மனிதர்கள் அத்தனை பேரின் பயத்தையும் ஒரு தட்டில் வைத்து, எங்கள் அவாஸ் அக்காவின் பயத்தை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தால், அக்காவின் தட்டுதான் தரையைத் தொடும். அதுவும் சும்மா தொடாது. தரை வழுக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் தொடும்.

பயப்படுவது அவருக்கு முழுநேர உத்தியோகம். மிச்ச நேரத்தில் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். அடுத்த மேசை என்னுடையது. போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்தில் இப்போது புதிதாய்ச் சேர்ந்த ஒரு பெண் கண்ணாடிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிஸ்கட் தின்கிறாள். பார்க்கும்போதெல்லாம் அவளை இந்தப் பக்கம் இழுத்து உட்காரவைக்கக் கை நீள்கிறது. அக்கா பக்கத்தில் இருந்து இருந்து தொற்றிக்கொண்ட வியாதி.

'அவாஸ்' என்பது மலாய்ச் சொல். சாலை வளைவிலும் கழுவிவிட்ட தரையிலும் 'எச்சரிக்கை' என்று எழுதி வைப்பார்களே, அதுதான். சூடான தேநீர் மேசைக்கு வந்தால் "அவாஸ்!" யாராவது தும்மினால் "அவாஸ்!" எங்கள் சீன முதலாளி, தவுக்கே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அவாஸ்..." அக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அப்போது எங்கள் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டில் இருந்தது. அங்கே கூரை விசிறிக்குக் கீழே அக்கா உட்காரமாட்டார். விசிறி விழுந்தால் எந்தப் பக்கம் விழும், இறக்கை கழன்றால் எந்தத் திசையில் பறக்கும் என்று கணக்குப் போட்டு, தூணுக்குப் பின்னால் மேசையை நகர்த்தி வைத்திருந்தார். காற்று வராத அந்த மூலையில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்துகொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

முள்ளும் கனமுமாய்ப் பழம் தலையில் விழும் டுரியான் காலத்தில் ஒருமுறை அலுவலகமே பாலிக் புலாவ் தோட்டத்துக்குப் போனோம். எல்லோரும் பழம் தின்னப் போக, அக்கா மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். அதைக் கழற்றாமல், முகக் கண்ணாடியை மட்டும் தூக்கி, உள்ளே ஒவ்வொரு சுளையாக அனுப்பினார். தோட்டக்காரர் பழத்துக்குக் காசு வாங்குவதை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா கத்தோலிக்கர். மாதாவிடம் அன்றாடம் மன்றாடுவார். ஆனால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகும் எங்களிடம், "என் பேரையும் சொல்லி ஒரு தேங்கா ஒடச்சிடு தம்பி" என்பார். "ஏங்க்கா, மாதா போதாதா?" என்றால், "மாதா இருக்காங்க லா. அவங்க பிசியா இருக்கிற நேரத்துக்குத்தான்" என்பார். அந்த 'லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால், அர்த்தம் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் உயரம். ஆயர் ஈத்தாமில், பினாங்கு மலையின் காலடியில், தரைத்தள வீடு. மலை ரயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளம்பினாலும் பிறந்ததிலிருந்து அதில் ஏறியதில்லை. அடுக்குமாடி வீட்டுக் கல்யாண வரவேற்புக்குப் பத்திரிகை வந்தால், கீழே காவலாளியிடம் மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் தவுக்கே எங்களைக் கூப்பிட்டு, "நாம அடுத்த வருஷம் புது டவருக்கு மாறுறோம், பதினெட்டாவது மாடி, கடல் பாத்த ஆபீஸ்" என்று அறிவித்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் பார்த்தேன். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. கைத்தட்டல் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தவுக்கே, கீழ் மாடியில ஸ்டோர் ரூம் மாதிரி ஏதாச்சும் இருக்குமா?"

இல்லை என்றார் தவுக்கே.

எனக்குத் தெரியும், அக்காவுக்கு அந்த வேலைதான் உலகம். கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆள் கிடையாது. ஐம்பதைத் தாண்டியவருக்கு யார் புது வேலை கொடுப்பார்கள்? "வீட்டுல இருந்தா சுவத்தப் பாத்துப் பயப்படணும் தம்பி. இங்க உங்களையெல்லாம் பாத்துப் பயப்படலாம்" என்று முன்பே சொல்லியிருக்கிறார். ராஜினாமாக் கடிதம் எந்த நாள் வரும் என்று நான் பதைபதைப்போடு காத்திருந்தேன்.

கடிதம் வரவில்லை. ஒரு மத்தியானம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மீனில் முள்ளைத் தேடிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"தம்பி, நான் பறக்கப் போறேன்."

"எங்கக்கா, வேளாங்கண்ணிக்கா?"

"ஏரோப்ளேனா? அத யாரு நம்புவா? குன்று மேலேருந்து லா. பாராகிளைடிங்."

எனக்குப் புரையேறியது. அக்கா பதறிப்போய் "அவாஸ்!" என்று முதுகில் நாலு தட்டு தட்டி, தண்ணீரை நீட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"கிளினிக்ல ஒரு டாக்டரம்மாவப் பாத்தேன். வாரம் ஒரு மாடியா ஏறிப் பழகுங்கன்னாங்க. அத்தன வாரம் பயப்பட யாருக்கு நேரம் இருக்கு? ஒரே தடவையா மொத்தமா பயந்து முடிச்சிட்டா அப்பறம் நிம்மதிதானே?"

"அக்கா, விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்துட்டா லிப்ட் ஏற வேணாம்தானே."

வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா ஒரு விஷயத்தில் துணிந்திருந்தார். பயம் முழுக்க என் பக்கம் வந்து சேர்ந்தது. காடி, அதாவது கார், ஓட்டவும் என்னையே பிடித்தார். "நீ ஆம மாதிரி ஓட்டுவ. அதான் நல்லது" என்று ஒரு பாராட்டு வேறு.

பயிற்சி நடக்கும் குன்று தீவுக்கு எதிரே பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. அங்கே போக இரண்டாவது பாலத்தைக் கடக்க வேண்டும். கடலுக்கு மேலே முடிவே இல்லாமல் நீளும் பாலம் அது. அக்கா பின்சீட்டில் நீட்டிப் படுத்து, முகத்தைத் துண்டால் மூடி, மார்பில் ஜெபமாலையை வைத்துக்கொண்டார். பாலத்தைத் தாண்டியதும் சாலைத் தடுப்பில் ஒரு போலீஸ்காரர் காடியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மூடி, மாலையோடு கிடந்த பெண்ணைக் கண்டதும் அவர் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போய்விட்டது.

"உடம்பு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல சார், பறக்கப் போறாங்க" என்றேன்.

அவர் என் லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் துண்டுக்குள்ளிருந்து, "பாலம் முடிஞ்சிடுச்சா தம்பி?" என்று குரல் வந்ததால் தப்பித்தேன்.

பயிற்சியாளர் முன்னாள் ராணுவக்காரர். எல்லோரும் அவரை 'சிக்கு' என்றார்கள், மலாயில் ஆசிரியர். நிதானமான மனிதர். அக்காவைச் சந்திக்கும்வரை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. நான் நம் பேச்சில் தருகிறேன்.

"சிக்கு, இதுல எத்தன பேர் செத்திருக்காங்க?"

"எங்கிட்ட படிச்சவங்கள்ல யாரும் இல்ல, அக்கா."

"அப்ப நான்தான் மொத ஆளா?"

ஆபத்து வந்தால் பள்ளி பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மற்ற மாணவர்கள் படிக்காமலே போட்டார்கள். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்து, "இதுல 'எலும்பு'ன்னு மட்டும் போட்டிருக்கு, பல்லு எதுல வரும்?" என்றார். சிக்கு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

முதல் சில ஞாயிறுகள் பறப்பதே கிடையாது. கீழே மைதானத்தில் துணிச் சிறகைக் காற்றில் தூக்கி நிறுத்தப் பழக வேண்டும். பெரிய கல்யாணப் பந்தல் அளவுக்குத் துணி; அதிலிருந்து நூல் நூலாகக் கயிறுகள் வந்து இடுப்புப் பட்டையில் சேரும். காற்று பிடித்தால் சிறகு எழுந்து ஆளை இழுக்கும். இழுத்தால் விடவேண்டும். அக்காவோ வாழ்நாள் முழுக்கக் கிடைத்ததையெல்லாம் இறுக்கிப் பிடித்தே பழகியவர். அதையும் விடவில்லை. சிறகு அவரை மைதானத்தின் குறுக்கே மாடுகள் மேயும் இடம்வரை இழுத்துக்கொண்டு போனது. வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் அக்கா "அவாஸ்! அவாஸ்!" என்று முறையாக எச்சரித்துக்கொண்டே போனார். மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன. நான் செருப்பு கழன்றது தெரியாமல் பின்னால் ஓடினேன். கடைசியில் ஒரு சாணிக் குவியல்தான் அவரை நிறுத்தியது.

பிறகு குன்றின் மேலே போனோம். அங்கும் அக்கா பறக்கவில்லை. சிறகை விரித்து ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்ப்பார். முதுகுப் பையில் இருக்கும் அவசரப் பாராசூட்டை மறுபடி மறுபடி சரிபார்ப்பார். கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைப் பார்ப்பார். "இன்னிக்கு காத்து சரியில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். வாரா வாரம் இதே கதைதான். நான் உள்ளுக்குள் மாதாவுக்கும் முருகனுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரும்புவேன்.

ஒரு ஞாயிறு, கூடப் படித்த வங்கிக்கார இளைஞர் ஒருவர், உடற்பயிற்சியில் முறுக்கேறிய உடம்புக்காரர், சிரித்தார். "ஆன்ட்டி, இப்படிப் பாத்தா எப்பவுமே பறக்க முடியாது லா."

"காத்து மாறுது தம்பி. பைய பாரு."

சிக்கு இன்னொருவருக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்து "பெர்ஹென்தி!" என்று, அதாவது நிறுத்து என்று, கத்துவதற்குள் இளைஞர் ஓடி எழும்பிவிட்டார். பக்கவாட்டில் ஒரு காற்று வந்தது. சிறகின் ஒரு பாதி சுருங்கி மடிந்தது. என் கண்ணெதிரே அந்த ஆள் சுழன்றுகொண்டே கீழே போய்ச் செம்பனைகளுக்கு நடுவே மறைந்தார்.

எப்படி ஓடினோம் என்று தெரியாது. அவர் ஒரு செம்பனையின் உச்சியில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தார். சிறகு மரத்தைப் போர்த்தியிருந்தது. முள் கிழித்த கையில் ரத்தம். உயிர் இருந்தது, பேச்சு இருந்தது, முறுக்கு மட்டும் இல்லை. பொம்பா வண்டி, நம் தீயணைப்பு வண்டிதான், வந்து ஏணி வைத்து இறக்கியது. அதுவரை அக்கா மரத்தடியிலேயே நின்று, "அசையாத தம்பி, நாங்க இங்கதான் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது பாலத்தில் ஏறியதும் நானே பேச்சைத் தொடங்கினேன்.

"போதும்க்கா. விட்டுருவோம். நான் தவுக்கேகிட்ட பேசுறேன், வீட்டிலேருந்தே வேல செய்யட்டும்னு."

துண்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "மரத்துல மாட்டுனா என்னா ஆகும்னு இத்தன வாரமா தூங்காம யோசிச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி. இன்னிக்கு பாத்துட்டேன். பொம்பா வர்றாங்க. ஏணி இருக்கு. தண்ணி குடுக்கிறாங்க. ஒரு பயம் கொறஞ்சிடுச்சி."

அலுவலகம் மாறுவதற்கு முந்தின ஞாயிறு. வானம் தெளிவாக இருந்தது. அக்கா காற்றுப் பையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிக்குவைப் பார்த்து, "சரி" என்றார்.

என்னைக் கீழே இறங்கும் மைதானத்தில் நிறுத்தி, கையில் ஒரு ரேடியோவைக் கொடுத்தார்கள். மேலே நடப்பது அதில் கேட்கும். முதலில் அக்காவின் மூச்சு கேட்டது. பிறகு "அருள் நிறைந்த மரியே". அது பாதியில் நின்று "முருகா". சிக்குவின் குரல்: "ஓடுங்கக்கா, நிக்காதீங்க, ஓடுங்க!" காலடிச் சத்தம். சட்டென்று நின்றது. அக்கா பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாடா என்று நான் புல்லில் உட்காரப் போனேன். அதற்குள் மறுபடி காலடிச் சத்தம். "அவாஸ்! அவாஸ்! அவாஸ்!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு அக்கா ஓடினார். பிறகு காலடிச் சத்தம் இல்லை. கத்தலும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். குன்றுக்கு மேலே ஒரு ஆரஞ்சுச் சிறகு. அதன் கீழே, நகம் அளவுக்கு, எங்கள் அக்கா.

"அழகு, அக்கா. இப்ப இடது பக்கம் இழுங்க" என்றது சிக்குவின் குரல்.

சிறகு திரும்பவில்லை. நேராகத் தோட்டத்துக்கு மேலே போனது. அதற்கு அப்பால் மின்கம்பிகள். எங்கோ வெதுவெதுப்பான காற்று மேலே தள்ளியதோ என்னவோ, இறங்க வேண்டியவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கேக்குதா? இடது. இடது கை."

பதில் இல்லை. மயங்கிவிட்டாரா? மாரடைப்பா? ரேடியோவை அழுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அழுத்திவிட்டேன். "அக்கா! ஏதாச்சும் பேசுங்கக்கா!" என் குரல் அழுகையாகத்தான் வந்தது.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு அக்கா, பக்கத்து மேசையில் இருந்து பேசுவது போல, அவசரமே இல்லாமல் சொன்னார்.

"ஏன் தம்பி சத்தம் போடுற? இங்க எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?"

பிறகு இடது பக்கம் இழுத்தார். சிறகு மெல்லச் சாய்ந்து திரும்பியது. ஒரு சுற்று சுற்றி, மைதானத்தை நோக்கி இறங்கியது. கடைசி நேரத்தில் இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். அக்கா கொஞ்சம் பிந்தி இழுத்தார். வாழை மரங்களின் ஓரமாக வந்து, உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, ஈர மண்ணில் நின்றார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

"மேல எப்டிக்கா இருந்துச்சி?"

"புடிச்சிக்க ரெண்டே கயிறுதான் தம்பி. ரெண்டும் என் கையில. வேற யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அதான் பயமே வரல."

கால் சுளுக்குக்கு இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு. அது முடிந்த காலை, புதுக் கட்டடத்தின் வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன். லிப்ட் கதவு திறந்தது. நான் பெருமையோடு உள்ளே நின்று, "வாங்கக்கா, பறந்த ஆளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அசையவில்லை.

"அதுல கயிறு என் கையில இருந்துச்சி. இதுல கயிறு எவன் கையில இருக்குன்னு தெரியலியே?"

கதவு மூடிக்கொண்டது. உயரப் பயம் போய்விட்டது. பெட்டிப் பயம் போகவில்லை. இரண்டும் வேறு வேறு என்று யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அக்கா பதினெட்டு மாடியையும் படியில் ஏறினார். நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் ஏறத் தொடங்குவார். ஐந்தாவது மாடியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தண்ணீர், பதினோராவதில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் ஓய்வு. எங்களுக்கு அந்தக் கட்டடத்தில் யாரையும் தெரியாது. அக்காவை எல்லோருக்கும் தெரியும். மேலே வந்ததும், மற்றவர்கள் தலைசுற்றுகிறது என்று ஒதுங்கிய கண்ணாடிச் சுவரோர மேசையில் போய் உட்கார்ந்து, கீழே பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகை ரசித்துப் பார்ப்பார். மாதம் ஒரு ஞாயிறு குன்றுக்குப் போவதையும் விடவில்லை. போகும்போது பாலத்தில் துண்டும் தவறவில்லை. கீழே ரேடியோவோடு நிற்கும் என் பதற்றம் ஒருமுறைகூடக் குறைந்ததில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நான் மட்டும் லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது. லிப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. இருட்டு. மணியை அழுத்தினேன், கத்தினேன், கதவைத் தட்டினேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. மூச்சு வாங்கத் தொடங்கியது.

கதவிடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது.

"யாரு, தம்பியா?"

படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் என் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்.

"அக்கா, பயமா இருக்குக்கா."

"பயமாத்தான் இருக்கும். நல்லா பயந்துக்க, ஒண்ணும் ஆகாது. கீழ சொல்லி அனுப்பிட்டேன், ஆளு வர்றாங்க. நான் எங்கயும் போகல. இந்தா, கதவுகிட்டயே உக்காந்துட்டேன்."

ஆட்கள் வந்து கதவைத் திறக்கும்வரை அக்கா பேசிக்கொண்டே இருந்தார். பல் மருத்துவரின் கதை, வாழை மரத்தோரம் இறங்கிய கதை, சிக்குவுக்கு முடி கொட்டிய கதை. நடுநடுவே "இருக்கியா தம்பி?" என்பார். "இருக்கேன்க்கா" என்பேன். ஒருமுறைகூட அவர் குரல் உடையவில்லை.

கதவு திறந்து என்னை வெளியே தூக்கிவிட்டார்கள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கக் கை கொடுத்தேன். அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. விட மனம் வராமல், பிடித்த கையோடு படிகளில் மெதுவாகக் கீழே இறங்கினோம்.